லண்டனில மகளுக்குக் கேர்ள்ஸ் ஸ்கூலா, மிக்ஸ்ட் ஸ்கூலா?

தம்பி, ஹரோவுக்கு வந்து மூண்டு மாசம், மகள் இயர் 5, மகன் இயர் 2 எண்டு எழுதியிருக்கிறியள். மகளைப் பொம்பிளைப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்திலதான் போடவேணும் எண்டு சொந்தக்காரர் எல்லாரும் நிக்கினமாம், அது சரியோ எண்டு கேள்வி. அதோட வீட்டு வாடகை, ஜீ.பி. (குடும்ப டொக்டர்) பதிவு, மரக்கறி மலிவாய் எங்க வாங்கிறது எண்டும் கேட்டிருக்கிறியள். கடைசி மூண்டையும் பக்கத்து வீட்டில கேளுங்கோ. ஆளுக்கொண்டு சொல்லுவினம், எல்லாம் ஓரளவு சரியாய்த்தான் இருக்கும். பள்ளிக்கூட விஷயத்திலதான் எங்கட சனம் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லும், அது பிழையாயிருக்கும்.

என்ர பதில் மிக்ஸ்ட், அதாவது ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறது. ஆனால் எந்த மிக்ஸ்ட் எண்டு பார்த்துப் போடவேணும். பேர்ப்பலகையை மட்டும் பார்த்துப் போட்டால் சொந்தக்காரர் சொன்னதுதான் சரி எண்டு ரெண்டு வருஷத்தில நீங்களே சொல்லுவியள்.

முதல்ல திகதி. செக்கண்டரிக்கு (இயர் 7இல துவங்கிற பள்ளிக்கூடம்) விண்ணப்பம் இயர் 6 இல, ஒக்டோபர் 31க்கு முந்திப் போகவேணும். அது பெரும்பாலும் ஹாஃப் டேர்ம் எண்ட தவணை நடு லீவை ஒட்டி வாறதால கனபேர் மறந்துபோவினம். முடிவு மார்ச் 1ம் திகதி. லண்டனில ஆறு பள்ளிக்கூடம் வரைக்கும் போடலாம். "ஒண்டை மட்டும் போட்டால் அதைத்தான் தருவினம்", "முதலாவதாய்ப் போட்டால்தான் எடுப்பினம்" எண்டு சொல்லுறவை இருக்கினம், ரெண்டும் பிழை. நீங்கள் எத்தினையாவதாய்ப் போட்டனீங்கள் எண்டு பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன்ர விதிப்படி இடம் இருக்கோ எண்டு பார்க்கும். இடம் தரக்கூடியதுகளுக்குள்ள உங்கட பட்டியலில ஆக மேல இருக்கிறது கிடைக்கும். அதால விருப்பப்படியே வரிசைப்படுத்துங்கோ. ஆனால் ஆறில ஒண்டாவது வீட்டில இருந்து தூரக் கணக்கில கட்டாயம் கிடைக்கக்கூடிய பக்கத்துப் பள்ளிக்கூடமாய் இருக்கவேணும். போன வருஷம் எவ்வளவு தூரம் வரைக்கும் எடுத்தவை எண்டு கவுன்சிலின்ர கைநூலில இருக்கும். அந்த ஒண்டைப் போடாமல் விட்டுத்தான் எங்கட ஆக்கள் மார்ச்சில கேள்விப்படாத பள்ளிக்கூடத்தின்ர பேரோட கடிதம் வந்து நிண்டு அழுகிறது.

கிராமர் ஸ்கூல் எண்டால் சோதனை வச்சுப் பிள்ளையளைப் பொறுக்கி எடுக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம். அந்தச் சோதனை இயர் 6 துவங்கிற செப்டெம்பரில வரும். அதுக்குப் பதிவு அதுக்கு முந்தின கோடையிலேயே, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வேற திகதியில முடிஞ்சிடும். லண்டனைச் சுத்தியிருக்கிற கிராமர் ஸ்கூலுகளில கனக்க ஆணுக்கு வேற, பொண்ணுக்கு வேற: பார்னெட்டில குயின் எலிசபெத்ஸ் பெடியளுக்கு, ஹென்றியெட்டா பார்னெட் பொம்பிளைப் பிள்ளையளுக்கு, கிங்ஸ்டனில டிஃபின், டிஃபின் கேர்ள்ஸ், சட்டனில நன்சச், வோலிங்டன் ஹை பொம்பிளைப் பிள்ளையளுக்கு, வில்சன்ஸ் பெடியளுக்கு. எட்மன்டனில இருக்கிற லாட்டிமர் மாதிரி மிக்ஸ்ட் கிராமர் குறைவு. "நல்ல பள்ளிக்கூடம் எண்டால் கேர்ள்ஸ் ஸ்கூல்" எண்ட கதை இதில இருந்துதான் பிறந்தது. சோதனை வச்சுப் பொறுக்கி எடுத்த பிள்ளையள் நல்லாய்ச் செய்யினம், அவ்வளவுதான். அதோட 16 வயசில எழுதிற ஜீ.சீ.எஸ்.ஈ. சோதனையில நாடு முழுக்கவே பொம்பிளைப் பிள்ளையள் சராசரியில பெடியளுக்கு மேல. அதால கேர்ள்ஸ் ஸ்கூலின்ர மொத்தப் புள்ளியை மிக்ஸ்ட் ஸ்கூலின்ர மொத்தப் புள்ளியோட வைச்சுப் பார்க்கக்கூடாது. அரசாங்கத்தின்ர ஒப்பீட்டு இணையத்தளத்தில ஆண், பெண் எண்டு பிரிச்சுக் கிடக்கும். பெண்ணைப் பெண்ணோட வைச்சுப் பாருங்கோ. 2014இல 21 நாட்டில 16 லட்சம் பிள்ளையளை உள்ளடக்கின 184 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவை. பிள்ளையின்ர குடும்பம், முன்னறிவு எல்லாத்தையும் கணக்கில எடுத்தால் ரெண்டு வகைக்கும் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை எண்டுதான் வந்தது.

பாதுகாப்பு எண்டு அடுத்ததாய்ச் சொல்லுவினம். பள்ளிக்கூட வாசலில இருந்து உங்கட வீட்டு வாசல் வரைக்கும் பஸ் மிக்ஸ்ட். ஃபோனும் மிக்ஸ்ட். 2021இல, பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற ஒஃப்ஸ்டெட் 32 பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கதைச்ச நேரம், விருப்பமில்லாத ஆபாசப் படங்கள் தங்களுக்கோ கூடப் படிக்கிறவைக்கோ அடிக்கடி, அல்லது இடைக்கிடை வருது எண்டு பத்துப் பொம்பிளைப் பிள்ளையளில கிட்டத்தட்ட ஒன்பது பேர் சொல்லிச்சினம். அதை எந்த மதிலும் மறிக்காது. கேட்கவேண்டிய கேள்வி இது: "இப்பிடி முறைப்பாடு வந்தால் நீங்கள் என்ன செய்யிறனீங்கள், ஆர் பொறுப்பு?" பேரைச் சொல்லி, படிப்படியாய் விளக்கினால் நல்லது. "எங்கட ஸ்கூலில அப்பிடி நடக்கிறேல்லை" எண்டால் எழும்பி வாங்கோ.

உங்கட குடும்பத்துக்கெண்டு இன்னொரு கணக்கும் இருக்கு, அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம். மகன் இயர் 7க்கு வரேக்க மகள் இயர் 10. கனக்க மிக்ஸ்ட் ஸ்கூலுகளில அக்கா படிக்கிறா எண்டால் தம்பிக்கு முன்னுரிமை. கேர்ள்ஸ் ஸ்கூலில போட்டால் அது போச்சு. பிறகு ரெண்டு திசைக்கு ரெண்டு பிள்ளை, ரெண்டு யூனிஃபோர்ம் கடை, ரெண்டு பேரன்ட்ஸ் ஈவினிங்.

இனி, மிக்ஸ்ட் ஸ்கூலுக்கு எதிராய் இருக்கிற ஒரே உருப்படியான வாதம். இதை மறைக்க ஏலாது. இன்ஸ்டிட்யூட் ஒஃப் ஃபிசிக்ஸ் 2012இல வெளியிட்ட அறிக்கையில, முந்தின வருஷம் இங்கிலாந்தின்ர அரசாங்க மிக்ஸ்ட் ஸ்கூலுகளில 49 வீதத்தில ஏ லெவல் (18 வயசில எழுதிற சோதனை) ஃபிசிக்ஸுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளைகூடப் போகேல்லை. கேர்ள்ஸ் ஸ்கூலில படிக்கிற பிள்ளை ஃபிசிக்ஸ் எடுக்கிற வாய்ப்பு மிக்ஸ்டில படிக்கிற பிள்ளையை விடக் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. இதைக் காட்டித்தான் பிரிச்சுப் படிப்பிக்கவேணும் எண்டு வாதாடுவினம். நான் அதை மற்றப் பக்கத்தால பார்க்கிறன்: மிச்ச 51 வீதமும் மிக்ஸ்ட்தானே? அங்க போயிருக்கினமே. அப்ப பிழை பக்கத்துக் கதிரையில இருக்கிற பெடியனில இல்லை.

எங்க பிழை எண்டு பார்க்க ஒரு லாப்புக்குள்ள பத்து நிமிஷம் நிண்டால் காணும். மேசைக்கு ரெண்டு பேர். பெடியன் பன்சன் பர்னரைப் பத்த வைப்பான், வயர் கொழுவுவான், அம்மீற்றரைத் திருகுவான். பொம்பிளைப் பிள்ளை அடிமட்டம் வைச்சு அட்டவணை கீறி, அவன் சொல்லுற எண்ணை வடிவான எழுத்தில எழுதும். கொப்பியைப் பார்த்தால் பிள்ளைக்குத்தான் கூட மார்க்ஸ். ஆனால் மின்சுற்றை மூண்டு வருஷமாய்த் தொடாமல், இயர் 9இல "எனக்கு ஃபிசிக்ஸ் சரிவராது" எண்டு சொல்லும். நல்ல ரீச்சர் செய்யிறது சின்ன வேலை: இந்தப் பாடத்தில கருவி பிடிச்சவர் அடுத்த பாடத்தில எழுதவேணும், மேசைச் சோடியையும் ரீச்சரே போடுவா. கை தூக்கிறவனை மட்டும் கேட்காமல் பேர்ப் பட்டியலில எழுந்தமானமாய்க் கூப்பிடுவா. பிரிச்சு வைச்சால் இந்தப் பழக்கம் மறையும், திருந்தாது. யூனிவர்சிட்டி லாப்பில அதே பெடியன் அதே வயரோட நிப்பான். அவனுக்கும் கை மாத்திக் குடுக்க ஒருத்தரும் பழக்கியிருக்கமாட்டினம்.

அதால பள்ளிக்கூடத்திட்ட எண்ணிக்கையைக் கேளுங்கோ. போன மூண்டு வருஷத்தில ஏ லெவல் ஃபிசிக்ஸில பொம்பிளைப் பிள்ளையள் எத்தினை பேர்? கம்பியூட்டர் சயன்ஸில? ஜீ.சீ.எஸ்.ஈ. மட்டத்தில அந்தப் பாடத்தில நாடு முழுக்க ஐஞ்சில ஒண்டுதான் பொம்பிளைப் பிள்ளை, அதுக்குக் கீழ போனால் கவனிக்கவேணும். பெடியள் எத்தினை பேர் ஃபிரெஞ்சு எடுக்கினம் எண்டும் கேளுங்கோ, மகனுக்கு உதவும். ட்ரிபிள் சயன்ஸ் (ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயோலொஜியைத் தனித்தனியாய்ப் படிக்கிறது) எல்லாருக்கும் திறந்ததோ? ஜீ.சீ.எஸ்.ஈ.க்குப் பாடம் தெரிவு செய்யிற ஒப்ஷன் தாளை வாங்கிப் பாருங்கோ: கம்பியூட்டர் சயன்ஸும் டெக்ஸ்டைல்ஸும் ஒரே கட்டத்துக்குள்ள கிடந்தால் ஒண்டை விட்டுத்தான் மற்றதை எடுக்கலாம், அங்கேயே ஆண், பெண் பிரிஞ்சிடும். பொம்பிளைப் பிள்ளையள் ட்ரவுசர் போடலாமோ, பி.ஈ. நேரம் அவையளுக்கும் புட்போல் இருக்கோ எண்டதும் கேட்கலாம். வகுப்பில ஆண், பெண் எண்ணிக்கை என்ன எண்டது முக்கியம்: பக்கத்தில கேர்ள்ஸ் ஸ்கூல் இருந்தால் மிக்ஸ்ட் ஸ்கூலில பெடியள் கூடிப்போவினம். முப்பதில பத்துப் பொம்பிளைப் பிள்ளையள் எண்டால் அது பேருக்கு மிக்ஸ்ட். மிக்ஸ்ட் எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்க பிரிச்சு வைச்ச பள்ளிக்கூடமும் இருந்தது. பர்மிங்காமில அல்-ஹிஜ்ரா இயர் 5இல இருந்து பிரிச்சது, அது பாகுபாடு எண்டு 2017இல மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

எங்கட சனத்துக்கு இது ஏன் ஏறுதில்லை எண்டு யோசிச்சால் சிரிப்பு வரும். பழைய மாணவர் சங்க டின்னரில ஒரு மேசையில யாழ்ப்பாணத்து வேம்படி மகளிர் பள்ளிக்கூடத்து ஆக்கள், அடுத்த மேசையில இந்துக்கல்லூரி ஆம்பிளையள். ஐம்பது வயசிலயும் அப்பிடியே இருந்துபோட்டு "எங்கட பண்பாடு" எண்டு கதைப்பினம். உது பண்பாடு இல்லை, மிஷன் ஏற்பாடு. 1824இல உடுவிலில அமெரிக்க மிஷனரிமார் பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடம் துவங்கினவை. பெண்ணுக்கு எழுத்தறிவு வந்தது பெரிய காரியம், அதை மறுக்கேல்லை. ஆனால் வட்டுக்கோட்டை செமினறியில படிக்கிற பெடியளுக்குப் படிச்ச கிறிஸ்தவ மனைவிமார் வேணும் எண்டதும் அவையின்ர கணக்கில இருந்தது. அதே வலிகாமத்தில தெல்லிப்பழை மகாஜனா ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடம். அங்கத்தைப் பிள்ளையள் அகில இலங்கைப் பெண்கள் உதைபந்தாட்டத்தில பேர் எடுத்தவை. அதுவும் யாழ்ப்பாணம்தான்.

இஞ்ச சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் மிக்ஸ்ட்தான், ஒருத்தருக்கும் நோகிறேல்லை. ஆனால் விழா நாளில பாருங்கோ: பெடியள் கதிரை தூக்குவினம், பிள்ளையள் சேலையோட கோப்பை குடுப்பினம். பரதம் பிள்ளையளுக்கு, மிருதங்கம் பெடியளுக்கு. சேர்த்து இருத்தினால் மட்டும் காணாது எண்டதுக்கு வெளியில உதாரணம் தேடத் தேவையில்லை.

பெற்றோர் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிற ஓப்பின் ஈவினிங் பெரும்பாலும் செப்டெம்பர், ஒக்டோபரில. சிலது இயர் 5 கோடையிலேயே வைப்பினம், அதால இப்பவே இணையத்தளத்தைப் பார்த்துப் பதிஞ்சு வைங்கோ. அண்டைக்குப் பொறுக்கி எடுத்த பிள்ளையளைத்தான் நிப்பாட்டுவினம். அதால பகல்ல, பாடம் நடக்கேக்க ஒருக்காப் பார்க்கேலுமோ எண்டு கேளுங்கோ. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. லாப்பில ஆர் பர்னர் பத்த வைக்கினம் எண்டு அவவே பார்த்துச் சொல்லட்டும்.