குழந்தையின் எடை வேறு, கொழுப்பு வேறு

எனக்கு இது ஏழாம் மாதம். ஸ்கேனில் பிள்ளை சற்றுச் சிறியது என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து மாமியார் “இரண்டு உயிருக்குச் சாப்பிடு” என்று சோற்றையும் நெய்யையும் கூட்டிப் பரிமாறுகிறார். நான் கூடுதலாகச் சாப்பிட்டால் பிள்ளை வளருமா, கொழுப்புதான் சேருமா?
- வாசகி, ஈசூன்

உங்கள் மாமியாரின் அக்கறை நியாயமானது. ஆனால் கூட்ட வேண்டியது சோற்றை அல்ல.

சிறிய குழந்தை என்றால் கொழுப்பு குறைந்த குழந்தை என்று பொருளில்லை. புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, புனே குழந்தைகளின் எடை வெகுவாகக் குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. சிங்கப்பூரிலும் 2009இல் கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வில், பிறந்த இரண்டு வாரத்துக்குள் குழந்தைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். சீனக் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். மாவுச்சத்தையோ கொழுப்பையோ குறைத்து அந்த இடத்தில் புரதம் கூட்டி உண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்த உட்கொழுப்பு குறைவாக இருந்தது. இது ஒரு தொடர்புதான், இதுவே காரணம் என்று உறுதியாகவில்லை. மரபும் தாயின் எடையும் இதில் சேர்ந்தே வேலை செய்கின்றன. இருந்தாலும் நம் கையில் இருப்பது தட்டுதான்.

தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைக் கையாளக் குழந்தையின் கணையமே இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. குழந்தையின் கொழுப்பில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. ஆகவே நீங்கள் கேட்ட நேரம் சரியான நேரம்.

இந்த மாதங்களில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கலோரி. ஒரு குவளை பால், ஒரு முட்டை, ஒரு பழம், ஒரு கைப்பிடி நிலக்கடலை, கணக்கு முடிந்தது. காலையில் நான்கு தோசையும் தண்ணீராக ஓடும் சாம்பாரும் என்றால் ஏறக்குறைய எல்லாமே மாவுச்சத்து. இரண்டு தோசை, ஒரு முட்டை, கெட்டியான பருப்பு அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாற்றுங்கள். மதியம் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது தவ்குவா (கெட்டியான சோயாக்கட்டி). உருளைக்கிழங்குப் பொரியல் காய்கறிக் கணக்கில் வராது. பலர் தவறுவது இங்கேதான். முட்டை ஒன்றில் 6 கிராம், 250 மில்லி பாலில் 8 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 25 கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. நெய் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 120 கலோரி. ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

உணவங்காடித் தேநீரையும் மறக்க வேண்டாம். கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. “தே சி கோசோங்” (இனிப்பில்லாத ஆவிப்பால் ஊற்றிய, சர்க்கரை போடாத தேநீர்) என்று கேட்டு வாங்குங்கள். பொட்டலப் பானங்களில், சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் எவ்வளவு என்று தரம் பிரிக்கும் ‘நியூட்ரி-கிரேட்’ முத்திரையின் சி, டி எழுத்துகள் இருந்தால் வேண்டாம்.

ஒன்று முக்கியம்: பிள்ளை சிறியது என்று சொன்ன நிலையில் கொழுப்புக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது சரியில்லையென்றால் எவ்வளவு சாப்பிட்டும் பயனிருக்காது.

26ஆம் வாரச் சர்க்கரைப் பரிசோதனையில் தேறிவிட்டேன். இனி இனிப்புக்குத் தடையில்லைதானே?
- வாசகி, செங்காங்

75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் அந்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 மில்லிமோல் என்பவை எல்லைகள். இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. ஆனால் எல்லைக்குக் கீழே ஆபத்து சட்டென்று மறைந்துவிடுவதில்லை. ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்து 2008இல் வெளியான ‘ஹாப்போ’ ஆய்வில், தாயின் சர்க்கரை ஏற ஏறப் பெரிய குழந்தைகள் பிறப்பதும் கூடிக்கொண்டே போனது. குழந்தையின் கொழுப்பும் அப்படியே. சிங்கப்பூர்ப் பெண்களும் அதில் இருந்தார்கள். வெறும் வயிற்றில் 5.0 வந்தவர் 4.2 வந்தவரைவிடக் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் எண்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், “பாஸ்” என்ற சொல் போதாது. மருத்துவர் தடை சொல்லவில்லையென்றால் உணவுக்குப் பிறகு 10, 15 நிமிடம் நடங்கள்; தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சோற்றை அறவே விட்டுவிடலாமா?
- வாசகி, ஜூரோங்

வேண்டாம். பட்டினிபோல் மாவுச்சத்தை வெட்டினால் உடலில் கீட்டோன்கள் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள்) கூடும், எடையும் இறங்கும்; இரண்டும் இப்போது நல்லதல்ல. கர்ப்பத்துக்கு முன் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 18.5 முதல் 24.9 வரை இருந்தவர் மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5 கிலோ. இன்சுலின் போட்டுக்கொள்பவர் சோற்றின் அளவைத் தாமாகக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். உணவியல் நிபுணரிடம் பேசி, மருந்தின் அளவோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.