சென்னையிலிருந்து மெல்போர்னுக்கு வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்ப என்ன விதிகள், எப்படித் தயாராவது?

எல்லோரும் முதலில் வரியைத்தான் கேட்பார்கள். அது சுலபம். நீங்கள் கிளம்புவதற்கு முன் 12 மாதமாவது உங்களுக்குச் சொந்தமாக இருந்து, புழங்கிய சாமானுக்கு ஆஸ்திரேலியாவில் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் கிடையாது. ‘அங்கே விலை அதிகம்’ என்று கிளம்புகிற மாதத்தில் புது டிவி வாங்கிப் போட்டால் அதற்கு வரி விழும். பழைய பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

சாமான் மாட்டிக்கொள்வது உயிரியல் பாதுகாப்புச் சோதனையில். ஆஸ்திரேலிய அதிகாரிகள் பயப்படுவது, சேமித்த தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டுக்கு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் பூச்சிதான். ஆனால் அதன் புழு, தின்ன ஒன்றும் இல்லாவிட்டாலும் அட்டைப்பெட்டி மடிப்பிலோ மர இடுக்கிலோ வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் 2020 முதல் வீட்டுச் சாமானோடு அரிசி, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, சீரகம், சோம்பு, தனியா, காய்ந்த மிளகாய் எதுவும் வரக்கூடாது. சட்டத்தை வரிவரியாகப் பார்ப்பதைவிட, தின்கிற பொருள் எதுவுமே பெட்டிக்குள் போகாது என்று முடிவெடுத்துவிடுங்கள். மளிகைக்கடையில் கெஞ்சி வாங்கிய பழைய அட்டைப்பெட்டியும் வேண்டாம், சாக்கும் வைக்கோலும் வேண்டாம். மரச்சட்டப் பெட்டி என்றால் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதியின் முத்திரை இருக்க வேண்டும்; மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கோ, மருந்துப் புகை போட்டதற்கோ அதுதான் அடையாளம்.

அடுப்படிக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களை எடுத்துவிட்டுத் தட்டின் விளிம்பைப் பாருங்கள், நாலு சீரகமாவது ஒட்டியிருக்கும். கிரைண்டரில் கல்லைக் கழற்றி, நடுத்தண்டைச் சுற்றிக் காய்ந்திருக்கும் மாவை வெந்நீரும் பழைய பல் துலக்கியும் போட்டுத் தேயுங்கள். ஓரிரு நாள் வெயிலில் காயவிட்ட பிறகே கட்டுங்கள், ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். கல்லைத் தனிப்பெட்டியில் வையுங்கள். உள்ளேயே விட்டால் கப்பல் ஆட்டத்தில் டிரம் நசுங்கும். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக்கை மாற்றினால் போதும். கேஸ் அடுப்பை விட்டுவிட்டுப் போங்கள்.

செருப்பு, ஷூ, சைக்கிள் டயர், மண்வெட்டி எதிலும் மண் துகள் இருக்கக்கூடாது. இலவம்பஞ்சுத் தலையணையில் விதை சிக்கியிருக்கும், அதையும் விட்டுவிடுவது நல்லது. மர பீரோவின் பின்பலகையில் குண்டூசித் துளையும் மாவுபோலத் தூளும் தெரிந்தால் வண்டு அரிக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒன்று பிடிபட்டால் மருந்துப் புகை போடுவதோ, திருப்பி அனுப்புவதோ, அழிப்பதோ எல்லாம் உங்கள் செலவு.

இந்தியப் பக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் கடந்த சிலை, விளக்கு, ஓவியம் வெளியே போகக்கூடாது. ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருடம். பாட்டி வீட்டுக் குத்துவிளக்கு பழசாகத் தெரிந்தால், தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்குங்கள். மயிலிறகுக்கு அனுமதியே இல்லை.

பட்டியலில் ‘சமையல் பாத்திரம்’, ‘இதர’ என்று மொட்டையாக எழுதாதீர்கள், பெட்டியைப் பிரிக்கச் சொல்வார்கள். ‘பெட்டி 14: எவர்சில்வர் தட்டு 12, குக்கர் 2’ என்று எழுதுங்கள். மண், மரம் சம்பந்தப்பட்ட பெட்டிகளைக் கன்டெய்னரின் கதவோரம் ஏற்றச் சொல்லுங்கள், சோதனைக்கு எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்காது. நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பெரும்பாலும் காப்பீடு கிடைக்காது. பீங்கானை மட்டுமாவது பேக்கர்ஸ் கையில் விடுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது மெல்போர்ன் துறைமுகக் கட்டணம், சோதனைக் கட்டணம், வீடுவரை டெலிவரி மூன்றும் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். மலிவாகத் தெரிகிற கொட்டேஷன் பெரும்பாலும் மெல்போர்ன் துறைமுகத்தோடு நின்றுவிடும். தனியாக வரும் வீட்டுச் சாமானுக்கு ஆஸ்திரேலியச் சுங்கத்துறை கேட்கும் பி534 படிவமும் பாஸ்போர்ட் நகலும் கைப்பையில் இருக்கட்டும்; அவற்றைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு, பெட்டியை எடுக்க அவற்றையே தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.