நடுமூளை டோபமைன் நியூரான்கள் எங்கே பிறக்கின்றன?

நடுமூளையின் டோபமைன் நியூரான்கள், அதாவது டோபமைன் என்ற வேதிச்செய்தியைச் சுரக்கும் நரம்பு செல்கள், கருவில் எங்கிருந்து வருகின்றன, அதை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது: நடுமூளையின் ஃப்ளோர் பிளேட். கருவின் நரம்புக்குழலில் வயிற்றுப் பக்கமாக, நட்டநடுவில் ஓடும் மெல்லிய பட்டை அது. ஆனால் 2007 வாக்கில் ஆய்வுகள் வர ஆரம்பிக்கும் வரைக்கும் இதைச் சொல்லியிருந்தால் பலர் நம்பியிருக்க மாட்டார்கள்.

காரணம், ஃப்ளோர் பிளேட்டுக்கு வேறு வேலை என்று முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்து செல்கள் என்னவாக வேண்டும் என்று தீர்மானிக்கும், தான் மட்டும் நியூரான் ஆகாது என்பது அப்போதைய பாடம். தண்டுவடத்தில் பார்த்தால் அது உண்மையும்கூட. அங்கே பார்த்ததை மேலே வரைக்கும் நீட்டியதில்தான் கோளாறு. நடுமூளையில் ஓடிஎக்ஸ்2 என்ற மரபணு இயங்குகிறது, பின்மூளையிலும் தண்டுவடத்திலும் இயங்குவதில்லை. அது இருக்கும் இடத்தில் அதே ஃப்ளோர் பிளேட் நியூரான்களைப் பெற்றெடுக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சோனிக் ஹெட்ஜ்ஹாகும், நடுமூளை பின்மூளை எல்லையிலிருந்து வரும் எஃப்ஜிஎஃப்8 புரதமும் சேரும் இடத்தில் டோபமைன் நியூரான்கள் தோன்றும் என்று 1998-இல் காட்டினார்கள். நல்ல ஆய்வுதான், ஆனால் அது சொல்வது சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்பதை. செல்லின் தாய் யார் என்பது தனிக் கேள்வி.

அதற்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது மட்டும் போதாது. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதிக்குச் சாயம் ஏற்றினால் இந்த செல் இப்போது டோபமைன் தயாரிக்கும் வழியில் இருக்கிறதா என்று ஓரளவு தெரியும், நேற்று எங்கே இருந்தது என்று தெரியாது. அதனால் எலிகளில், டிஎன்ஏவை வெட்டி ஒளிரும் அடையாளத்தை இயக்கிவிடும் க்ரீ என்ற நொதியை சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவோடு கோத்துவிடுகிறார்கள். அந்த மரபணுவை ஒரு தடவை இயக்கிய செல், அப்புறம் அதை அணைத்துவிட்டாலும், தானும் தன் சந்ததியும் நிரந்தரமாக ஒளிரும். டமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்தால் மட்டும் வேலை செய்யும் க்ரீயும் இருக்கிறது. கருவின் எந்த நாளில் அடையாளம் வைத்தோம் என்பதைப் பொறுத்து ஒளிரும் செல்கள் நடுமூளையில் டோபமைன் நியூரான்கள் கூடியிருக்கும் இரண்டு பகுதிகளில், சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் எவ்வளவு, பக்கத்து விடிஏ (வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா) பகுதியில் எவ்வளவு என்ற கணக்கு மாறுகிறது. ஆக ஃப்ளோர் பிளேட்டுக்குள்ளேயே இடமும் நேரமும் செல்லின் எதிர்காலத்தைப் பிரிக்கின்றன. எலியில் இந்தப் பிறப்பெல்லாம் கருவின் சுமார் 10-ஆம் நாளிலிருந்து 13-ஆம் நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு நர்1, பிட்எக்ஸ்3 போன்ற மரபணுக்கள் பொறுப்பெடுக்கின்றன. பிட்எக்ஸ்3 இல்லாத எலியில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா பெருமளவு அழிகிறது, விடிஏ ஓரளவு தப்புகிறது; பார்க்கின்சன் நோயிலும் ஏறக்குறைய இதே பாரபட்சம்தான்.

இந்தப் பிறப்பிட ஆராய்ச்சி வெறும் வம்சாவளி ஆர்வம் இல்லை என்பதற்கு ஸ்டெம் செல் கதையே போதும். முன்பு ஆய்வகத்தில் வளர்த்த பல ‘டோபமைன் நியூரான்கள்’ டைரோசின் ஹைட்ராக்சிலேஸுக்குச் சாயம் பிடித்தன, ஆனால் மூளையில் பொருத்திய பிறகு சரியாகப் பிழைக்கவில்லை. 2011-இல் நியூயார்க்கில் லோரன்ஸ் ஸ்டூடரின் குழு, மனித ஸ்டெம் செல்களை முதலில் ஃப்ளோர் பிளேட் கட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நியூரானாக்கியது, நிலைமை மாறியது. அதிலும் ஒரு பொறி இருந்தது. ஃப்ளோர் பிளேட்டுக்கு முன்பக்கம் ஒட்டியிருக்கும் பகுதியிலிருந்து சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற வேறொரு மூளைப் பகுதியின் நியூரான்கள் வருகின்றன, அவற்றின் முன்னோடிகளும் ஃப்ளோர் பிளேட்டின் அடையாளமாகக் கருதிய எல்எம்எக்ஸ்1ஏ, ஃபாக்ஸ்ஏ2 என்ற மரபணுக்கள் இரண்டையும் காட்டும் என்று 2017-இல் தெரியவந்தது. அந்த இரண்டு அடையாளங்களை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தால் தட்டில் அண்டை வீட்டுச் செல்களும் கலந்துவிடும். 2025-இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இப்படி உருவாக்கிய முன்னோடிச் செல்களைப் பொருத்திய இரண்டு சிறிய சோதனைகளின் முடிவுகள் நேச்சர் இதழில் வந்தன. பாதுகாப்புதான் அவற்றின் முதல் இலக்கு. பலனைப் பற்றி உறுதியாகப் பேசப் பெரிய சோதனைகள் வேண்டும்.

இந்தத் துறைக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தால், டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் படத்தைப் பார்த்து அசந்துவிடாமல், அந்த அண்டை வீட்டுச் செல்களிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்ட உதவும் பின்பக்க அடையாள மரபணுவான இஎன்1 காட்டியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.