ஜப்பானில் பேய் முகமூடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து குழந்தைகளைப் பயமுறுத்துகிறார்களே, அவர்கள் யார்? அந்த மர முகமூடியை வாங்கி நம் வீட்டில் மாட்டலாமா?

அது பேய் இல்லை, தெய்வம். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் அவ்வளவுதான். மாட்டலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன், அந்த முகமூடி என்ன என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது.

நீங்கள் பார்த்த காணொளி அநேகமாக நமஹாகேவாக இருக்கும். வடக்கு ஜப்பானில் அகிதா மாகாணத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓகா தீபகற்பத்து ஊர்களில் டிசம்பர் 31 இரவு நடப்பது. வைக்கோல் உடுப்பு, முகத்தைவிடப் பெரிய முகமூடி, கையில் கத்தி (பொய்க் கத்திதான்), இன்னொரு கையில் மர வாளி. "அழுகிற பிள்ளை எவனாவது இருக்கானா?" என்று கத்திக்கொண்டு, கதவைத் தடதடவென்று ஆட்டிவிட்டு உள்ளே வருவார்கள். குழந்தைகள் வீறிட்டு அலறும். இணையத்தில் ஓடுவது அந்த அரை நிமிடம் மட்டும், அதனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைப் பூச்சாண்டி கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். பூச்சாண்டியை யாரும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவதில்லையே, இங்கே போடுகிறார்கள்.

முறை இதுதான். முகமூடி போடாத ஒருவர் முதலில் வந்து வீட்டுக்காரரிடம் "வரலாமா?" என்று கேட்பார். அந்த வருஷம் சாவு நடந்த வீட்டுக்குள் போகமாட்டார்கள். சரி என்றால், வாசலில் ஏழு முறை காலைத் தரையில் ஓங்கி மிதித்துவிட்டு உள்ளே நுழைவார்கள், சாப்பாட்டின் முன் உட்காருவதற்கு முன்னால் ஐந்து முறை, எழுந்து போகும்போது மூன்று முறை. (இது ஓகாவில் ஷின்ஸான் என்ற பகுதியின் வழக்கம், ஊருக்கு ஊர் மாறும்.) வீட்டுத் தலைவர் நல்ல உடுப்பில் அமர்ந்து சாக்கே என்ற அரிசி மது ஊற்றிக் கொடுத்து, "மலையிலிருந்து இவ்வளவு பனியில் வந்திருக்கிறீர்கள்" என்று உபசாரம் செய்வார். வந்தவர் ஒரு பேரேட்டைத் திறந்து, உன் பையன் படிக்கிறதில்லையாமே, மருமகள் காலையில் சீக்கிரம் எழுவதில்லையாமே என்று விசாரிப்பார். வீட்டுக்காரர் அத்தனைக்கும் சமாதானம் சொல்லித் தன் ஆட்களைக் காப்பாற்றவேண்டும். குழந்தை பார்ப்பது என்ன? தன்னைத் தூக்கிக்கொண்டு போக வந்த ஒன்றின் முன்னால் அப்பா உட்கார்ந்து தனக்காக வாதாடுகிறார். எனக்கு இந்தச் சடங்கில் பிடித்ததே இந்த இடம்தான், ஆனால் வெளியே ஓடும் காணொளிகளில் இது வருவதே இல்லை.

கத்தி எதற்கு என்றால், குளிர்காலம் முழுக்க வேலை செய்யாமல் அடுப்புப் பக்கமே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காலில் தோல் சிவந்து தடிப்பு விழும், அதைச் சீவி எடுக்க. அதாவது சோம்பேறிக்குத் தண்டனை. கிளம்பும்போது அடுத்த வருஷ விளைச்சலும் உடல்நலமும் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். உடுப்பிலிருந்து உதிர்ந்த வைக்கோலைத் தலையில் கட்டிக்கொண்டால் நோய் வராது என்று நம்பிக்கை. ஆனால் நாமாகப் பிய்க்கக்கூடாது, தானாக உதிர்ந்ததுதான் செல்லும்.

இது சுற்றுலாவுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. சுகாயே மாசுமி என்ற ஊர்சுற்றி எழுத்தாளர் 1811இல் ஓகாவில் இதைப் பார்த்து எழுதியும் படமாக வரைந்தும் வைத்திருக்கிறார். அப்போது முதல் மாதம் 15ஆம் நாள் நடந்தது, டிசம்பர் 31க்கு மாறியதெல்லாம் ரொம்பப் பின்னால்.

இனி முகமூடி. சிவப்பு முகம், நீல முகம், கொம்பு, கோரைப்பல் என்று கடைகளிலும் விளம்பரப் பலகைகளிலும் இருப்பது ஒரே மாதிரியான முகம். ஓகாவில் நமஹாகே அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் 150க்கும் மேல் முகமூடிகள் வரிசையாக நிற்கின்றன, நான் போய்ப் பார்த்தபோது கடைமுகத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றியது. ஒன்று மரத்தில் செதுக்கியது, ஒன்று தேவதாரு மரப்பட்டையில், ஒன்று கூடையின்மேல் தாள் ஒட்டி வண்ணம் பூசியது. ஷின்ஸான் ஊருடையதற்குக் கொம்பே கிடையாது, ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது அரக்கன் இல்லை, மலையிலிருந்து வரும் தெய்வம். சில முகங்கள் கோணல்மாணலாக இருக்கின்றன. கைத்திறன் குறைவு என்று அதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, பல ஊர்களில் அவற்றைச் செய்தவர் தொழில்முறைச் சிற்பி இல்லை, அந்த ஊர்க்காரர் ஒருவர், கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார். இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டடி தூரத்தில் பார்க்கவேண்டிய முகம் அது, கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்தது இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும். வெள்ளையாக வழவழவென்று, சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாத பெண்முகம் பார்த்திருப்பீர்களே, அது நோ என்ற பழைய ஜப்பானிய மேடை நாடகத்தின் முகமூடி. ஹினோகி என்ற சைப்ரஸ் மரத்தில் செதுக்கி, சிப்பித்தூளையும் விலங்குப் பசையையும் குழைத்து அடுக்கடுக்காகப் பூசிச் செய்வது. பிரபுக்கள் ஆதரித்து வளர்ந்த கலை அது, நாட்டார் மரபு வேறு. நாட்டார் மரபிலும் எல்லாமே மரம் இல்லை. மேற்கு ஜப்பானில் ஷிமானே பக்கத்து இவாமி ககுரா என்ற சாமி ஆட்டத்தில், மரமுகத்தின் கனம் வேகமான ஆட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று காகிதத்துக்கு மாறிவிட்டார்கள். களிமண் அச்சின்மேல் கையால் செய்த தாளை ஒட்டிக் காயவைத்து, பிறகு அச்சை உடைத்து எடுக்கிறார்கள்.

நேர் எதிர்முனை பார்க்கவேண்டுமென்றால் ஒகினாவாவில் மியாகோ தீவின் ஷிமாஜிரி என்ற ஊர். அங்கே பாந்து என்று மூன்று பேர் உடம்பெல்லாம் கொடியும் சேறும் பூசி, மர முகமூடியோடு வந்து, எதிர்ப்பட்ட ஆள், புதுவீட்டுச் சுவர், கைக்குழந்தை என்று ஒன்றையும் விடாமல் நாறும் சேற்றை அப்பிவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஆசி. சட்டை நாசமாகிவிட்டது என்று சண்டைக்கு வந்த சுற்றுலாக்காரர்களால் இப்போதெல்லாம் தேதியை முன்கூட்டி விளம்பரப்படுத்துவதில்லை (நியாயம்தான், சாமி அப்பின சேற்றுக்குச் சலவைக் காசு கேட்டால் என்ன செய்வது). அந்த முகமூடிகளில் முதலாவது, இலையில் சுற்றப்பட்டுக் கடலில் மிதந்துவந்து கரையொதுங்கியது என்பது அவர்கள் கதை. செதுக்கியவர் யார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. நமஹாகே, பாந்து உட்பட இப்படி வெளியிலிருந்து வரும் தெய்வங்களின் 10 சடங்குகளை 2018இல் யுனெஸ்கோ ஒன்றாகச் சேர்த்துத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது.

ஆக, செதுக்கி முடித்ததால் மட்டும் அது சாமி ஆகிவிடாது. ஷின்ஸான் கோயிலில் பிப்ரவரி விழாவின்போது பூசாரி மந்திரித்த முகமூடியைக் கையில் கொடுத்த பிறகுதான் அதைப் போடும் ஊர் இளைஞன் நமஹாகே ஆகிறான். கடையில் தொங்குவது அந்தக் கட்டத்தைத் தாண்டாத மரம், தாராளமாக வாங்கி மாட்டலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் "ஊரில் நிஜமாகவே பயன்படுத்திய பழைய முகமூடி" என்று யாராவது இணையத்தில் விற்றால் நான் வாங்கமாட்டேன். பெரும்பாலும் பொய்யாக இருக்கும், உண்மையாக இருந்தால் அதைவிட மோசம், ஊரின் பொதுச்சொத்து எப்படி வெளியே வந்தது?

கையால் செதுக்கியதா என்று பார்க்க முன்பக்கத்தை விட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். உள்ளே குடைந்த இடத்தில் உளி பட்ட தடங்கள் நீளமும் ஆழமும் ஒன்றுக்கொன்று மாறி இருக்கும். ஒரே சீரான இணைகோடுகள் என்றால் இயந்திரம். மரத்தின் ரேகையே இல்லாமல் மழமழவென்று, சின்னக் குமிழிகளோடு இருந்தால் ரெசின் வார்ப்பு. கண் துளையின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள், அணிவதற்காகச் செய்தது என்றால் உட்பக்கம் மழுக்கியிருப்பார்கள். வாங்கியபின் வெயில் நேராக விழும் சுவரிலும் ஏசி காற்று அடிக்கும் இடத்திலும் மாட்டாதீர்கள், வெடிப்பு விட்டுவிடும்.

போய்ப் பார்க்க ஆசை என்றால், டிசம்பர் 31 வீட்டுச் சடங்குக்கு வெளியாள் நுழைவது கஷ்டம். பிப்ரவரி இரண்டாம் வார இறுதியில் நடக்கும் கோயில் விழாவுக்குப் போகலாம், தீப்பந்தத்தோடு மலையிலிருந்து இறங்கி வருவார்கள். அந்தச் சமயம் வாய்க்கவில்லை என்றால் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துக் கூரைவீட்டில் சடங்கை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள், குளிர்காலத்தில் வார இறுதியில்தான் என்பதால் நாள் பார்த்துப் போங்கள். டோக்கியோவிலிருந்து அகிதாவுக்குப் புல்லட் ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து ஓகாவுக்கு உள்ளூர் ரயிலில் இன்னும் ஒரு மணி நேரம். ஓகா நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்து போகும் தூரம் இல்லை, வண்டிக்கு முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.