மாரியில் கலங்கும் கிணறும் பேரப்பிள்ளைகளின் வருகையும்

கோண்டாவிலிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கேள்வி இது: "எங்கள் வளவு இரண்டு பரப்பு. கிணறு 20 அடி ஆழமும் 8 அடி விட்டமும் கொண்டது. ஆவணியில் தரைமட்டத்திலிருந்து 15 அடிக்குக் கீழே நின்ற தண்ணீர், மழைக்குப் பிறகு 6 அடிக்கு ஏறி, தேநீர் நிறமாகக் கலங்கியிருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் மகள் ரொறன்ரோவிலிருந்து ஏழு வயது மகனுடனும் புட்டிப்பால் குடிக்கும் ஐந்து மாதக் குழந்தையுடனும் வருகிறாள். போன முறை வந்தபோது மூன்றாம் நாளே பேரனுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. கிணற்றை முழுவதும் இறைத்து, குளோரின் தூளை ஒரு பையோடு கொட்டினால் போதும் என்கிறார் என் தம்பி. அப்படிச் செய்யலாமா?"

அம்மா, கிணற்றை இப்போது முழுவதும் இறைக்க வேண்டாம். நிலம் ஊறிக் கிடக்கும் காலத்தில் உள்ளே உள்ள நீரை ஒரேயடியாக வெளியேற்றினால், வெளியே நிற்கும் நீரின் அழுத்தம் கிணற்றுச் சுவரை உட்பக்கம் தள்ளும். பழைய கற்கட்டு சரிந்துவிடக்கூடும். அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் உங்கள் கோண்டாவிலும் அடங்கும் வலிகாமத்தின் நிலத்தடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, பாரம் கூடிய உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே உங்கள் கிணறு தனியாக வைக்கப்பட்ட ஒரு பாத்திரம் போன்றதன்று. ஒழுங்கையிலுள்ள எல்லா வீடுகளின் கீழும் பரந்து கிடக்கும் ஒரே நீரை எட்டிப் பார்க்கும் துவாரம் அது. இறைத்த நீருக்குப் பதிலாகச் சுற்றியுள்ள நீர்தான் சில மணித்தியாலங்களில் உள்ளே வரும், அந்த நீரோடு அதன் அழுக்கும் வரும்.

போன முறை பேரனுக்கு வந்த வயிற்றோட்டத்துக்குக் கிணறுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பயணம், புதிய உணவு, கடையில் வாங்கிய ஐஸ் போன்றவையும் காரணமாகலாம். ஆனால் நீங்கள் தந்த அளவுகள் கிணற்றைச் சந்தேகிக்கப் போதிய காரணம் தருகின்றன. ஆவணியில் மலக்குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே சில அடி உலர்ந்த மண் இருந்திருக்கும், கழிவுநீர் அதனூடாக மெல்ல வடிந்து ஓரளவு தூய்மையடைந்திருக்கும். நீர் 6 அடிக்கு ஏறிய பின்போ, எட்டு அல்லது பத்து அடி ஆழமான குழியின் அடி நேரடியாக நீருக்குள் நிற்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி தூரம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மணல் நிலத்துக்கு அது ஓரளவு பொருந்தினாலும், கல்லில் ஒரு வெடிப்பு குழியையும் கிணற்றையும் இணைத்துவிட்டால் 50 அடியும் காவலாகாது. இரண்டு பரப்புக் காணியில் உங்கள் குழியை நீங்கள் எட்டத்தில் வைத்திருந்தாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழி எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறை கேட்டறிந்துகொள்ளுங்கள்.

கலங்கலோ பெரும்பாலும் மேலிருந்து வருவது. அதன் வழியை நீங்களே கண்டுபிடிக்கலாம். மழை இல்லாத ஒரு நாள், கிணற்றடித் தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, கட்டின் அடியோரமாக ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு மோட்டரை நிறுத்திவிட்டுக் கட்டின்மேல் சாய்ந்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகப் பணியாற்றிய காலத்தில் ஒரு வீட்டில் இப்படிச் செய்தபோது, வாளி காலியாவதற்கு முன்பே உள்ளே சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஓசை கேட்டது. கட்டும் தளமும் சேரும் மூலையில் நகம் நுழையும் அளவில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் விளிம்பில் சவர்க்கார நுரை காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அந்த வீட்டார் குளித்த நீரும், கால் கழுவிய நீரும், உடுப்புத் தோய்த்த நீரும் ஆண்டுக்கணக்காக அந்த வழியே கிணற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

அப்படி வெடிப்பு இருந்தால், அதன்மேல் சீமெந்துப் பாலைப் பூசிவிடுவதால் பயனில்லை. அடுத்த வெயிலில் அது உரிந்துவிடும். உளியால் வெடிப்பை ஓர் அங்குல ஆழத்துக்கு அகலப்படுத்தி, தூசியைத் தட்டி நீக்கி, நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்த கலவையை இறுக்கி அடைத்து, மூன்று நான்கு நாள்கள் ஈரச்சாக்குப் போட்டுவைக்க வேண்டும். தளம் கட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிந்து, நீர் வாய்க்கால் வழியாக வாழைகளுக்குப் போய்விட வேண்டும். கிணற்றோரத்தில் தேங்கும்படி விடக்கூடாது. கட்டு மூன்று அடியாவது உயர்ந்திருப்பது நல்லது. வாளியைத் தரையில் வைக்காமல் கொளுவியில் தொங்கவிடுங்கள். மேலே நைலோன் வலை போட்டால் இலையும் வௌவால் எச்சமும் விழா. இவையெல்லாம் ஒரு மேசனுக்கு இரண்டு நாள் வேலை.

அடைத்த பின்புதான் குளோரின். உங்கள் கிணற்றில் இப்போது 14 அடி, அதாவது ஏறத்தாழ 4.2 மீற்றர் நீர் நிற்கிறது. 8 அடி விட்டத்தின் பாதி 1.2 மீற்றர். 1.2ஐ 1.2ஆல் பெருக்கி, அதை 3.14ஆலும் 4.2ஆலும் பெருக்கினால் 19 கனமீற்றர், அதாவது 19,000 லீற்றர் வரும். நன்றாக மூடி வைக்கப்பட்ட குளோரின் தூளில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்தரும் குளோரின். கிணற்றை ஒருமுறை முழுமையாகத் தொற்றுநீக்க 1,000 லீற்றருக்கு 150 கிராம் வீதம் உங்களுக்கு ஏறத்தாழ 3 கிலோ தேவைப்படும். அதன் பிறகு பிள்ளைகள் நிற்கும் நாள்களில், வாரத்துக்கு ஒருமுறை 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் வீதம், அதாவது 50 கிராம் அளவில் இட்டு வந்தால் போதும். அளக்காமல் ஒரு பையோடு கொட்டுவது தேவைக்கு மேலாகலாம், அல்லது திறந்து கிடந்து வீரியம் போன தூளாக இருந்தால் ஒன்றுக்கும் உதவாமலும் போகலாம். திறந்தவுடன் மூக்கில் ஏறாத தூளை வாங்காதீர்கள்.

தூளை நேராகக் கிணற்றுக்குள் வீசக்கூடாது. பிளாஸ்ரிக் வாளியில் சிறிது சிறிதாகக் கரைத்து, பதினைந்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அது போனால் நீர் மேலும் கலங்கும். கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் அமிலம் இருந்த வாளியில் மட்டும் கரைக்கவே கூடாது, ஏனெனில் அதில் எழும் வாயு நுரையீரலைச் சுட்டுவிடும். ஊற்றிய பின் வெற்று வாளியைப் பலமுறை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். மாலையில் இட்டு, இரவு முழுவதும் விட்டு, காலையில் மோட்டரைக் கொஞ்சங்கொஞ்சமாக ஓட்டி, கடும் மணம் அடங்கும் வரை நீரைப் பயிர் இல்லாத இடத்தில் விடுங்கள். அதற்கு முன்பு, மோட்டர் ஏற்றும் அதே நீரைத் தண்ணீர்த் தாங்கியிலும் நிரப்பி நிறுத்தி வைத்தால் தாங்கியும் குழாய்களும் சேர்ந்து தூய்மையாகும். தாங்கியின் அடிச்சேற்றை முதலில் கழுவி எடுத்துவிட வேண்டும். அயல்வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதில் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் அல்லது பெற்றோலில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட யார் கேட்டாலும் உடன்படாதீர்கள். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் மேலே வராமற்போன துயரம் பல இடங்களில் நடந்திருக்கிறது. கூலிக்கு இறங்குபவரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைதான்.

இவ்வளவும் செய்த பின்னும் குடிநீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். குளோரின் இன்று கிணற்றிலுள்ள நீரைத்தான் தூய்மையாக்கும், நாளை வெடிப்பு வழியே வரப்போகும் நீரை அது காக்காது. நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் நோய்க்கிருமிகள் அழிந்துவிடும். கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைக் கண்டு மகள் பயப்பட்டால், அது சுண்ணாம்புக்கல் நாட்டு நீரின் இயல்பான படிவு, உடலுக்குக் கேடில்லை என்று சொல்லுங்கள்; எலுமிச்சம் புளி விட்டு ஊறவைத்தால் போய்விடும். ஆறிய நீரைத் திருகுபிடி வைத்த மூடிய பாத்திரத்தில் வையுங்கள். பானைக்குள் கோப்பையை விட்டு மொள்ளும் பழக்கம், கொதிக்கவைத்த பயனை ஒரு நொடியில் கெடுத்துவிடும். பல் துலக்கவும் இந்த நீரையே கொடுங்கள்.

கைக்குழந்தையின் பால்மா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே கொதிக்கவைப்பதும் போதாது. தோட்டங்களில் இடும் உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் வரும் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அதிகம். குடிநீருக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகி அளவு குறைவதால் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் அது இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலைக் குறைத்து, உதடும் நகமும் நீலமாகும் நிலையை உண்டாக்கக்கூடும். ஆகவே நைத்திரேற்றுப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை, பால்மா கரைக்க உங்கள் கிணற்று நீரை எடுக்க வேண்டாம். நம்பகமான ஆர்.ஓ. (மென்சவ்வினூடாக வடித்துச் சுத்திகரித்த) நீரையோ, உங்கள் ஒழுங்கைக்குக் குழாய்நீர் வந்திருந்தால் அதையோ கொதிக்கவைத்து, சூடு நன்றாக இருக்கும்போதே மாவைக் கரைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. உங்கள் பகுதிக்கு இணைப்பு உண்டா என்பதைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் விசாரிக்கலாம். பால்மாவுக்கு வெளியே ஆசைக்கு ஒரு கரண்டி ஓமத்தண்ணீரோ சுடுநீரோ பருக்க வேண்டாம், அம்மா. அந்த வயதில் பாலைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை.

நீர் மாதிரிக்கு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகுங்கள். கிருமிப் பரிசோதனை, நைத்திரேற்று ஆகிய இரண்டையும் கேட்டுப் பெறுங்கள். கிருமிப் பரிசோதனைக்குத் தொற்றுநீக்கிய போத்தலில் நீர் எடுத்து, பனிக்கட்டியோடு சில மணித்தியாலங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். குளோரின் இட்ட உடனே எடுத்த மாதிரி எப்போதும் நல்ல முடிவையே காட்டும். மணம் முற்றாக நீங்கி ஒரு வாரம் கழிந்த பின் எடுப்பதே உண்மையைச் சொல்லும்.

மறுபடியும் பேரனுக்கு வயிற்றோட்டம் வந்தால், முதல் மருந்து ஜீவனி, அதாவது உடல் இழந்த நீரை ஈடுசெய்யும் உப்புத்தூள். ஒரு பைக்கற்றை முழுவதும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். பாதிப் பைக்கற்றைக் கண்ணளவில் கரைப்பது தவறு. ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்பும் 100 முதல் 200 மில்லிலீற்றர் வரை கொடுங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். ஒரு நாள் கடந்ததை ஊற்றிவிடுங்கள். பைக்கற் கைவசம் இல்லாத இரவில், ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். சோறு, கஞ்சி, வாழைப்பழம் என்று உண்பதைத் தொடரட்டும். பட்டினி போடுவது குணத்தைத் தாமதப்படுத்தும். இனிப்புச் சோடா வயிற்றோட்டத்தைக் கூட்டும். மலத்தை நிறுத்தும் குளிசையும், வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோற்றிக்கும் பிள்ளைக்கு வேண்டாம்.

மலத்தில் இரத்தம், ஓயாத சத்தி, குழிந்த கண்கள், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் இந்த அறிகுறிகளுக்கும் காத்திராமல் உடனே காட்ட வேண்டும். மாரிக்குப் பின்வரும் மாதங்கள் டெங்குக்கும் உரியவை. காய்ச்சலும் சேர்ந்து வந்தால் எடைக்கேற்ற பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், இபுபுரோபனும் அஸ்பிரினும் கொடுக்கக்கூடாது. இரண்டாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

கிணற்றின் உட்பூச்சை இப்போது தொட வேண்டாம், ஈரச்சுவரில் அது பிடிக்காது. ஆவணியில் நீர் இறங்கியதும் மேலிருந்து 10 அடிக்கு உள்ளே பூசி, அந்தச் சமயத்தில் அடியையும் இறைத்துத் துப்புரவாக்கலாம். அந்த மாதத்தில் எல்லோரும் கிணற்று வேலை தொடங்குவதால் மேசனுக்கு ஆனியிலேயே சொல்லிவையுங்கள்.