காலைல வருது, மனைவிகிட்ட போனா வரல: நரம்புத் தளர்ச்சியா டாக்டர்?

கேள்வி: வயசு 29, கல்யாணம் ஆகி மூணு மாசம். காலைல விறைப்பு நல்லா இருக்கு, தனியா இருக்கும்போதும் ஓகே. மனைவிகிட்ட நெருங்குனா பாதியிலயே போயிடுது. காலேஜ் காலத்து சுய இன்பப் பழக்கத்தால நரம்பு தளர்ந்துபோச்சா?

பதில்: தம்பி, பாதி பதில் உங்க கேள்வியிலயே இருக்கு. கனவு வர்ற தூக்கத்துல ராத்திரிக்கு மூணுல இருந்து அஞ்சு தடவை தானாவே விறைப்பு வரும், அதுல கடைசி ஒண்ணதான் நீங்க காலைல பாக்குறீங்க. அது நல்லா வருதுன்னா நரம்பும் ரத்தக்குழாயும் பெரும்பாலும் சரியாதான் இருக்கு. சுய இன்பத்தால நரம்பு தளரும்ங்கிறது சுத்தப் பொய், லாட்ஜ்ல ரூம் போட்டு லேகியம் விக்கிறவங்க இதையே சொல்லி எத்தன பசங்கள நடுங்க வச்சிருக்காங்க தெரியுமா, எனக்கு அவ்ளோ கோவம் வரும்.

நடந்தது இதுவாதான் இருக்கும். கல்யாண அலைச்சல், தூக்கம் இல்ல, முதல் நாள் சரியா வரல. யாருக்கும் நடக்கும். ஆனா மறுநாள் கட்டில்ல உக்காரும்போதே 'இன்னைக்காவது வருமா'ன்னு மனசு அதையே பாத்துட்டு இருக்கு, மனைவி கை தோள்ல இருக்கறதுகூட தெரியல. பயந்தா அட்ரினலின் சுரக்கும், தெருநாய் துரத்துறப்ப சுரக்குமே அதேதான், அது ஆணுறுப்புக்குப் போற ரத்தக்குழாய சுருக்கிடும், விறைப்புக்கோ அந்தக் குழாய் தளர்ந்து விரியணும். அதனாலதான் முயற்சி பண்ணப் பண்ண போயிடுது. 'விசேஷம் உண்டா'ன்னு வீட்டுல கேக்க ஆரம்பிச்சா இன்னும் மோசம்.

ரெண்டு வாரம் உடலுறவே வேணாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கோங்க. தொடுங்க, அணைச்சுக்கோங்க, முதுகு பிடிச்சு விடுங்க, விறைப்பு வந்தாலும் அதோட நிறுத்திடுங்க. அமெரிக்க பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் 1970லயே எழுதி வச்ச முறை இது, இன்னும் நாங்க சொல்லித் தர்றோம். மனைவிகிட்ட மறைக்காதீங்க, 'என்னைப் பிடிக்கலையோ'ன்னு அவங்க தனியா அழுதுட்டு இருக்கலாம்.

மெடிக்கல்ல நீங்களா சில்டெனாபில் (வயாகராங்கிற விறைப்பு மாத்திரை) வாங்கிப் போடாதீங்க, அதுலயும் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவங்க போட்டா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, சில மாத்திரைலயும் இப்படி ஆகும், நீங்களா நிறுத்தாதீங்க. எதுக்கும் சுகர், பிரஷர் ஒரு தடவை பாத்துடுங்க. காலை விறைப்பும் குறைய ஆரம்பிச்சா யூராலஜி டாக்டர்கிட்ட (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு பிரச்சனைகளப் பாக்குறவர்) போங்க, இல்லனா ரெண்டு வாரம் கழிச்சு மனைவியையும் கூட்டிட்டு மனநல மருத்துவரைப் பாருங்க.