காயில் ஏன் கருகியது?

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடம் டெஸ்டராக, மென்பொருளில் பிழை தேடும் ஆளாக, இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. முந்நூறு விண்ணப்பம் போட்டிருப்பேன், நான்கு இடத்தில்தான் கூப்பிட்டார்கள். ‘பர்சனல் பிராண்ட்’ இல்லாமல் இனி வேலையே கிடைக்காது என்று ஒருவர் நடத்தும் ஆன்லைன் வகுப்பில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறேன். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் தினமும் ஒரு பதிவு போடச் சொல்கிறார். நான் கூச்ச சுபாவம். கடைசி வேலையில், பணம் கட்டும்போது நெட் அறுந்தால் இரண்டு முறை பணம் போய்விடும் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். அதைத் தவிர சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. பதிவுகளைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா? ‘வேலை தேடுகிறேன்’ என்ற பச்சை வளையத்தைப் படத்தைச் சுற்றிப் போட்டால் மதிப்புக் குறையுமா? இதுவரை போட்ட மூன்று பதிவுகளை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அப்பாவின் நோட்டுகள் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

பச்சை வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்குறைப்பில் வேலை போனதை மறைக்க என்ன இருக்கிறது? மொழியைப் பொறுத்தவரை, வேலை கொடுப்பவர் எதில் படிப்பாரோ அதில் எழுதுங்கள். இந்த இரண்டுக்கும் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

உங்கள் மூன்று பதிவுகளையும் படித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுவதைப் பற்றி ஒன்று. தோல்வியைக் கொண்டாடுவது பற்றி ஒன்று. ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் தலைமைப் பண்பைக் கற்றது பற்றி ஒன்று. அந்த ஆட்டோவில் நீங்கள் ஏறவே இல்லை, இல்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருடம் பிழை பிடித்துச் சம்பாதித்த ஆள், நடக்காத ஒன்றை நடந்ததாகத் தன் பெயரில் எழுதலாமா? மூன்றையும் இன்றே நீக்குங்கள்.

1997இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் ஃபாஸ்ட் கம்பெனி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவரும் தன்னையே ஒரு பிராண்டாகக் கருதி வளர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். உங்கள் வகுப்பு ஆசிரியர் விற்பது அதைத்தான். ஆனால் கூச்சமில்லாமல் பெருமையடித்துக்கொள்ளும்படி நான் என்ன செய்திருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லும் இடமும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு தினம் ஒரு பதிவு என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா உடுமலைப்பேட்டை பக்கம் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கட்டியவர். பத்துக்குப் பத்து கடை, வெளியே போர்டு கிடையாது. கருகிய மோட்டார் வந்தால் பழைய கம்பியை உடனே வெட்டி எடுக்க மாட்டார். ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் (தடிமன்), எந்த ஸ்லாட்டிலிருந்து (கம்பி உட்காரும் பள்ளம்) எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று எண்ணி நோட்டில் குறிப்பார். கடைசியாக ஒரு வரி இருக்கும்: ஏன் கருகியது. நாற்பது பக்க நோட்டுகள், பதினேழு இருக்கின்றன. வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

ஒரு தடவை அவர் கட்டிக் கொடுத்த 3 எச்.பி. மோட்டார் நாலே நாளில் மறுபடி எரிந்துவிட்டது. தோட்டத்துக்காரர் மோட்டாரை டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டுவிட்டு, “கம்பியில காசு அடிச்சிட்டியா?” என்று கத்தினார். எனக்குப் பதிமூன்று வயது, கடைக்குள்தான் இருந்தேன். அப்பா பதில் பேசவில்லை. மூடியைக் கழற்றி அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்த மோட்டாருக்கு மின்சாரம் மூன்று ஃபேஸில், மூன்று கம்பி வழியாக, வரும். உள்ளே இரண்டு ஃபேஸின் காயில்கள் கரிக்கட்டையாக இருந்தன. மூன்றாவது ஃபேஸ் புதுச் செம்பாக மின்னியது. “லோடு தாங்காம எரிஞ்சிருந்தா மூணும் ஒண்ணா கருகியிருக்குங்க. இது மூணு ஃபேஸ் காயிலும் ஒரு முனையில சேர்ற ஸ்டார் கனெக்‌ஷன். ஒரு ஃபேஸ் வராம ரெண்டுலயே ஓடியிருக்கு” என்றார். அப்புறம் அவரோடு தோட்டத்துக்கே போனார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால், ஒரு காண்டாக்ட் தேய்ந்து கருத்துப்போய்ச் சரியாக ஒட்டாமல் இருந்தது. அதை மாற்றி, ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டரும் மாட்டிவிட்டு வந்தார். நோட்டில் அன்றைய வரி: “2 ஃபேஸ். ஸ்டார்ட்டர் காண்டாக்ட். நம் காயில் அல்ல.”

ஆறு மாதம் கழித்துப் பல்லடத்திலிருந்து ஒருவர் மோட்டாரோடு வந்தார். வழியில் எத்தனையோ காயில் கடைகள் இருக்கும். ஏன் இவ்வளவு தூரம் என்று அப்பா கேட்டதற்கு, சந்தையில் மாட்டுத் தரகர் ஒருவர் சொன்னார் என்றார். “எரிஞ்சதுக்குக் காரணம் சொல்ற ஆளாமே நீங்க?” அந்தத் தரகரை அப்பாவுக்குத் தெரியாது. தோட்டத்துக்காரருக்கே அவர் நெருங்கிய சிநேகிதர் இல்லை, ஒரு தடவை எருமை விற்றபோது ஏற்பட்ட பழக்கம்தான்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் வேலை மாறியவர்களிடம், யார் மூலம் வேலை கிடைத்தது என்று விசாரித்து 1973இல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 விழுக்காட்டினர்தான் அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள். எப்போதாவது சந்தித்தவர்கள் 56, மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 28 விழுக்காடு. நம் நெருங்கிய கூட்டத்துக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் சேதி தூரத்துப் பழக்கங்கள் வழியாகத்தான் வருகிறது. அப்படித் தூரத்தில் இருப்பவர் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் ஞாபகம் வைத்திருப்பார். ‘நல்ல பையன், சுறுசுறுப்பு’ என்பதை வைத்துக்கொண்டு அவரால் யாரிடமும் போய் உங்களைச் சொல்ல முடியாது.

உங்களுக்கு அந்த ஒரு வரி கடிதத்திலேயே இருக்கிறது. ‘அதைத் தவிர எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தில்தான் உங்களைக் கன்னத்தில் தட்டி எழுப்ப வேண்டும் போல இருந்தது. அது ஒருவருடைய பணம் தம்பி! வீட்டு வாடகையோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, இரண்டு தடவை போயிருக்கும். அதைத் தடுத்திருக்கிறீர்கள்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பணம் கட்டும் பொத்தானை அழுத்திவிட்டு போனை ஃப்ளைட் மோடில் போட்டீர்களா, லிஃப்டுக்குள் நின்று பார்த்தீர்களா? முதல் கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வராமல் போயிருக்கும். ஆள் மறுபடி அழுத்தியதும் அதைப் புதுக் கோரிக்கையாக எடுத்திருக்கும். ஒரே பரிவர்த்தனைக்கு ஒரே எண் கொடுத்து, அந்த எண் திரும்ப வந்தால் பணம் எடுக்காமல் பழைய பதிலையே அனுப்பும்படி மாற்றினார்களா, வேறு வழியில் சரிசெய்தார்களா? மென்பொருளை எழுதிய டெவலப்பர்கள் முதலில் என்ன சொன்னார்கள்? ‘எங்கள் மெஷினில் வரவில்லை’ என்று சொல்லியிருப்பார்கள். எத்தனை நாள் அவர்களோடு மல்லுக்கட்டினீர்கள்? இதையெல்லாம் எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், ஸ்கிரீன்ஷாட், புரோகிராம் கோடு எதுவும் வேண்டாம், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறக் கூடாது. பிழை எப்படி நடந்தது, அதை எப்படித் திரும்ப வரவைத்தீர்கள் என்பது மட்டும் போதும். கூச்ச சுபாவம் என்கிறீர்கள். இதில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட வராது, பிழையைப் பற்றித்தானே எழுதப்போகிறீர்கள்?

தினமும் எழுத வேண்டியதில்லை. ஆறு வருடத்தில் இப்படி ஏழெட்டாவது இருக்கும். அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித்தரச் சொல்லி, ஞாபகம் வருகிற வரிசையில் குறித்துக்கொண்டே வாருங்கள். மாதம் இரண்டு வெளியில் போனால் தாராளம். வகுப்புக்குத் தவணை ஏதாவது பாக்கி இருந்தால் கட்டாதீர்கள். அந்தப் பணம் இந்த மாதம் உங்கள் வீட்டுக்கு வேண்டும்.

முதலில் பணம் இரண்டு முறை போன கதை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். இணையவழிப் பணப் பரிமாற்ற வேலையில் இருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை பேசும் பழக்கம்தான். அவர்களுக்கு அதை நானே அனுப்பி வைக்கிறேன்.